நொடிக்கு அறுநூறு கடி

லெஸ் பால் என்ற அமெரிக்கக் கிடார் கலைஞர் 1940 வாக்கில், ஞாயிற்றுக்கிழமைகளில் நியூயார்க்கின் எபிஃபோன் கிடார் தொழிற்சாலைக்குப் போய், ஆளில்லாத பட்டறையில் தனக்கென்று ஒரு கருவி செய்துகொண்டிருந்தார். நாலுக்கு நாலு அங்குலப் பைன் கட்டை ஒன்று. அதன் மேல் இழுத்துக் கட்டிய கம்பிகள். கம்பிகளுக்கு அடியில் பிக்கப் எனப்படும் காந்தச் சுருள். அவ்வளவுதான் கிடார். ஒலிபெருக்கியோடு இணைத்தால் அருமையாகக் கேட்டது. ஆனால் மேடையில் பார்த்த கூட்டத்துக்கு அது ஒட்டவில்லை. வேலிக்கம்பத்தை மீட்டுகிறவரை யார்தான் ரசிப்பார்கள்? ஒரு கிடாரின் உடலை நடுவே அறுத்து, இரண்டு பாதிகளையும் கட்டையின் இரு பக்கமும் ஒட்டவைத்தார். அதற்குப் பிறகு அதே கட்டையை ஜனங்கள் கிடார் என்று ஏற்றுக்கொண்டார்கள்.

அந்த இரண்டு பாதிகளும் கண்ணுக்காகச் சேர்த்தவை. சாதாரணக் கிடாரில் கதை வேறு. அங்கே உடல்தான் குரல். கம்பியின் நடுக்கத்தை மெல்லிய மேற்பலகை வாங்கி, உள்ளே இருக்கும் காற்றையும் சேர்த்து ஆட்டி, அறை முழுக்கக் கேட்கும்படி செய்கிறது. அதே கிடாரின் ஓசையை ஒலிபெருக்கி வழியாகக் கூட்டினால், ஒலிபெருக்கியின் சத்தத்துக்கே மேற்பலகை அதிர ஆரம்பிக்கும். அந்த அதிர்வு மறுபடியும் ஒலிபெருக்கிக்குள் போய், சுற்றிச் சுற்றி ஊளையாக முடியும். மின் கிடாரின் திடமான கட்டை இந்தச் சுற்றைப் பெருமளவு அறுத்துவிடுகிறது. எஃகுக் கம்பி காந்தப்புலத்துக்குள் ஆடும்போது சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. ஒலிபெருக்கிக்குப் போவது அது. ஆறு கம்பிகளும் சேர்ந்து இழுக்கும் இழுவை, ஏறக்குறைய 45 கிலோ எடைக்குச் சமம். அந்த இழுவைக்கு அசைந்துகொடுக்காமல், கழுத்தையும் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜையும் பிக்கப்பையும் அதனதன் இடத்தில் பிடித்துக்கொண்டிருப்பதுதான் உடலுக்கு வேலை.

மரம் மாறினால் ஓசை மாறுமா என்று கிடார்காரர்கள் பல பத்தாண்டுகளாகச் சண்டை போடுகிறார்கள். கம்பியின் ஆட்டம் எத்தனை நேரம் நிலைக்கிறது என்பதில் கழுத்துக்கும் உடலுக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பிக்கப் உணர்வது கம்பியின் ஆட்டத்தை. என் கட்சி இது: மின் கிடாரில் அளவு முதலில், மரம் பிறகு. அளவுதான் முதல் என்றால், வீட்டுக் கொட்டகையில் மேசைமேல் வைத்திருக்கும் சின்ன சி.என்.சி. ரவுட்டரை, அதாவது கணினி ஓட்டும் மரம் வெட்டும் இயந்திரத்தைக்கொண்டு உருப்படியான கிடார் உடலைச் செய்யலாம். உலகெங்கும் பொழுதுபோக்குக்காரர்கள் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள்.

இதற்கு வழிவிட்டவர் லியோ ஃபெண்டர். கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். கிடார் வாசிக்கத் தெரியாதவர். தெரியாததே நல்லதாகப் போயிற்று என்று சொல்லத் தோன்றுகிறது. வயலின் மரபில் வந்தவர்கள் தொடத் தயங்கியதை அவர் தயங்காமல் செய்தார். 1950-இல் அவர் கொண்டுவந்து, 1951-இல் டெலிகாஸ்டர் என்ற பெயரில் நிலைத்த கிடாரின் உடல், 45 மி.மீ.க்குச் சற்றே குறைவான தடிமனுள்ள தட்டைப் பலகை. ஏறக்குறைய 40 செ.மீ. நீளம், 32 செ.மீ. அகலம். அதில் சில குழிகள், சில துளைகள். கழுத்தைத் தனியாகச் செய்து, உடலில் வெட்டிய குழிக்குள் வைத்து, நான்கு திருகுகளால் முடுக்கிவிட்டார். பசை கிடையாது. கழுத்து கெட்டால் கழற்றி எறிந்துவிட்டு வேறு கழுத்து போட்டுக்கொள்ளலாம். மாதிரிப் பலகையை மேலே வைத்து அதன் ஓரமாகவே வெட்டினால், பழகிய தொழிலாளி யாரும் ஒரே அச்சில் உடல்களை வார்த்துத் தள்ளலாம்.

அந்த மாதிரிப் பலகையைத் தேவையற்றதாக்கிய யோசனை, அதே காலத்தில் இசைக்குச் சம்பந்தமே இல்லாத ஓரிடத்தில் முளைத்தது. மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரில் கிப்சன் நிறுவனம் 1952-இல் லெஸ் பாலின் பெயரிலேயே ஒரு கிடாரை வெளியிட்டது. யோசனை முளைத்தது அங்கே அல்ல, அதே மாநிலத்தின் வடக்கே டிராவர்ஸ் சிட்டியில். அங்கே ஜான் பார்சன்ஸ் என்பவர் ஹெலிகாப்டர் இறக்கை செய்துகொண்டிருந்தார். இறக்கையின் வளைவை சிகோர்ஸ்கி நிறுவனம் அவருக்கு 17 புள்ளிகளாக அனுப்பும். புள்ளிகளுக்கு நடுவே வளைகோல் வைத்துக் கையால் கோடு இழுத்துச் சேர்க்க வேண்டும். பார்சன்ஸிடம் வேலை பார்த்த பொறியாளர் ஃபிராங்க் ஸ்டூலன், துளையட்டையில் ஓடும் ஐ.பி.எம். கணக்குப் பொறியைக்கொண்டு 17-ஐ 200 புள்ளிகளாக்கினார். இத்தனை புள்ளி இருந்தால் கோடே வேண்டாம். புள்ளிக்குப் புள்ளி வெட்டுக்கத்தியை நகர்த்தினால் போதும், வளைவு தானாக வந்துவிடும்.

பட்டறையில் அதை எப்படிச் செய்தார்கள் தெரியுமா? ஒருவர் தாளைப் பார்த்து எண்களை உரக்க வாசிப்பார். இன்னொருவர் நீளவாட்டுக் கைப்பிடியைச் சுற்றுவார். மூன்றாமவர் குறுக்குவாட்டுக் கைப்பிடியைச் சுற்றுவார். மூன்று பேர் சேர்ந்து ஒரு வளைவு. சுற்றுகிற கைக்குப் பதில் மோட்டாரை வைத்தால் என்ன என்று பார்சன்ஸ் கேட்டார். அமெரிக்க விமானப்படை பணம் தந்தது, எம்.ஐ.டி. ஆய்வகம் கட்டிக் காட்டியது. 1952 செப்டம்பரில் துளையிட்ட நாடாவைப் படித்து ஓர் அரவை இயந்திரம் தானே வெட்டிக் காட்டியபோது, அதை ஆட்டிவைத்த வெற்றிடக் குழாய்கள் அலமாரி அலமாரியாக நின்றன.

இன்றைய பொழுதுபோக்கு ரவுட்டரிலும் அந்த மூன்று பேர்தான் வேலை செய்கிறார்கள். எண்ணை வாசிப்பவர், தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய அர்டுவினோ மின்சுற்றுப் பலகையில் உட்கார்ந்திருக்கும் ஒரு சில்லு. கைப்பிடி சுற்றுபவர்கள் ஸ்டெப்பர் மோட்டார்கள். ஆழத்துக்கென்று கூடுதலாக ஒன்று. சில்லின் வேலை நினைவகம் வெறும் 2 கிலோபைட். கைப்பேசியில் எடுத்த ஒரு புகைப்படத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட அதில் கொள்ளாது. 2009-இல் கிரபல் என்ற திறந்த நிரல் இந்தச் சில்லுக்கென்றே எழுதப்பட்டு இலவசமாக வெளிவந்தது. லட்சங்கள் விலையுள்ள தொழிற்சாலைச் சாமானை மேசைக்குக் கொண்டுவந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. கணினி ஒவ்வொரு வரியாக ஊட்டும்: "ஜி1 எக்ஸ்120 ஒய்45 எஃப்1800". நேர்கோட்டில் போ, நீளவாட்டில் 120-க்கும் அகலவாட்டில் 45-க்கும் போய்ச் சேர், நிமிடத்துக்கு 1800 மி.மீ. வேகத்தில் போ. கிடாரின் கொம்பும் இடுப்பும் இப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான குட்டிக் கட்டளைகள். சில்லு வரப்போகும் பத்துப் பதினைந்து வரிகளை முன்கூட்டியே எட்டிப் பார்த்து, திருப்பத்துக்கு முன்னால் வேகத்தைக் குறைத்து, நேர்ப்பாதையில் கூட்டுகிறது.

ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றை 200 அடிகளாகப் போகும். ஓட்டும் மின்சுற்று ஒவ்வோர் அடியையும் எட்டாகப் பிரித்தால் ஒரு சுற்றுக்கு 1600 அடி. அச்சில் 20 பல் சக்கரமும், பல்லுக்குப் பல் 2 மி.மீ. இடைவெளியுள்ள பெல்ட்டும் இருந்தால், ஒரு சுற்றுக்கு இயந்திரம் 40 மி.மீ. நகரும். வகுத்துப் பாருங்கள்: ஓர் அடிக்கு 0.025 மி.மீ. தலைமுடியின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மரம் இதைப் படுத்தும் பாட்டைப் பிறகு பார்க்கலாம். இன்னொரு விஷயம்: இந்த மோட்டார்களுக்குக் கண் இல்லை. பிட் எனப்படும் சுழலும் வெட்டுக்கத்தி மரத்தின் ஒரு முடிச்சில் மாட்டி, மோட்டார் நாலு அடி தவறவிட்டால் சில்லுக்குத் தெரியாது. தான் சரியான இடத்தில் இருப்பதாகவே நம்பிக்கொண்டு, மிச்சக் கிடார் முழுவதையும் தள்ளி வெட்டி முடிக்கும்.

இனி மரத்தோடு பிட் சந்திக்கும் இடத்துக்கு வருவோம். 6 மி.மீ. விட்டம், இரண்டு வெட்டுமுனை உள்ள பிட். நிமிடத்துக்கு 18,000 சுற்று. இரண்டு முனைக்கும் சேர்த்து நிமிடத்துக்கு 36,000 கடி, நொடிக்கு 600. நிமிடத்துக்கு 1800 மி.மீ. முன்னேறினால் ஒரு கடிக்கு 0.05 மி.மீ. மரம் வரும். நொடிக்கு 600 கடி என்பது 600 ஹெர்ட்ஸ் ஓசையும்தான். கிடாரின் மிக மெல்லிய கம்பி திறந்த நிலையில் 330 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். கழுத்தில் பத்தாவது ஃப்ரெட்டில், அதாவது பத்தாவது குறுக்குக்கட்டில், அழுத்தினால் 587. பிட் மரத்தைக் கடிக்கும் சுருதி அதற்கு ஒரு நூல் மேலே நிற்கிறது. உடலாகப் போகும் பலகை, கம்பி கட்டுவதற்கு முன்பே அந்தச் சுருதியைக் கேட்டுவிடுகிறது.

புதிதாக வருகிறவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். பயத்தில் மெதுவாக ஓட்டினால் பத்திரம் என்று எண்ணி, சுற்றைக் குறைக்காமல் நகர்வேகத்தை மட்டும் குறைப்பார்கள். அப்போது கடி 0.01 மி.மீ. ஆகிவிடும். அத்தனை மெல்லிய கடியில் முனை மரத்தை வெட்டாது, தேய்க்கும். தேய்த்தால் சூடு. நல்ல கடியில் வரும் சீவல் சூட்டையும் தன்னோடு வாரிக்கொண்டு பறந்துவிடும். வெறும் மாவு வந்தால் சூடு பிட்டிலேயே தங்கி, மரம் கருகி, பிட்டின் கூரும் போகும். கையில் எடுத்துப் பார்த்தால் சீவல் சீவலாக இருக்க வேண்டும், டால்கம் பவுடராக இருக்கக் கூடாது. மேப்பிள் மரத்தில் பழுப்புத் தழும்பு தெரிந்தால் வேகத்தைக் கூட்டுவதே மருந்து.

எவ்வளவு கூட்டலாம்? அங்கே இயந்திரத்தின் எலும்பு குறுக்கே வரும். தொழிற்சாலை ரவுட்டரின் இரும்புச் சட்டம் டன் கணக்கில் இருக்கும். நம்முடையது அலுமினியம்; இரண்டு பேர் தூக்கிவிடலாம். அழுத்தம் கூடினால் சட்டம் வளையும், பெல்ட் நீளும், பிட்டும் வளையும். பிட் வளைவதற்கு ஒரு கொடூரமான கணக்கு உண்டு. வெளியே நீட்டியிருக்கும் நீளத்தை இரட்டித்தால் வளைவு எட்டு மடங்கு. விட்டத்தைப் பாதியாக்கினால் பதினாறு மடங்கு. ஆகவேதான் எஃகைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு விறைப்பான டங்ஸ்டன் கார்பைடில் பிட் வாங்குகிறார்கள். ஆகவேதான் ஒரு வலத்துக்கு 2, 3 மி.மீ. ஆழத்துக்கு மேல் இறங்குவதில்லை. 45 மி.மீ. பலகையில் கிடாரின் வெளிக்கோட்டைப் பதினைந்து இருபது முறை வலம்வர வேண்டியிருக்கும்.

அந்த 45 மி.மீ. இன்னொரு சங்கடமும் தரும். 6 மி.மீ. பிட்டுகளில் சாதாரணமாகக் கிடைப்பவற்றின் வெட்டு நீளம் 22, 25 மி.மீ.தான். ஒரே பக்கத்திலிருந்து அடிவரை போக முடியாது. மேற்பக்கம் பாதி ஆழம் வெட்டிவிட்டு, பலகையைப் புரட்டிப் போட்டு, அடிப்பக்கத்திலிருந்து மீதியை வெட்ட வேண்டும். தோசையைத் திருப்புவதுபோல் திருப்பினால் நடக்காது. கிடாரின் நடுக்கோட்டில் கழுத்துப் பக்கம் ஒன்றும் பின்பக்கம் ஒன்றுமாக இரண்டு துளை போட்டு, பிட் படுவதற்கென்றே அடியில் போட்டிருக்கும் பலிப்பலகையில் அதே இடங்களில் ஊசி அடித்து, புரட்டிய பலகையை அந்த ஊசிகளில் உட்காரவைப்பார்கள். இதில் ஒரு சூட்சுமம்: ஊசிக்கோடு உண்மையான நடுக்கோட்டிலிருந்து 0.25 மி.மீ. விலகியிருந்தால், புரட்டும்போது பிழை கண்ணாடிப் பிம்பமாகி, இரண்டு பக்கக் கோடுகளும் 0.5 மி.மீ. விலகி நிற்கும். ஓரத்தை விரலால் தடவினால் நடுவில் ஒரு படி தட்டுப்படும். உப்புத்தாள் அதை மன்னித்துவிடும்; கழுத்துக்குழியில் அப்படி எதுவும் மன்னிக்காது.

பலகையைப் பிடித்து வைப்பதும் ஒரு கலை. வெட்டுப்பாதைக்கு வெளியே, கழிவாகப் போகும் இடத்தில் திருகு அடிக்கலாம். சிலர் பலகையின் அடியிலும் மேசையிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, இரண்டு டேப்புக்கும் நடுவே ஃபெவிக்விக் போன்ற பசையைப் போட்டு அழுத்திவிடுகிறார்கள். கேட்டால் விளையாட்டாகத் தோன்றும், ஆனால் மலைபோல் நிற்கும். கடைசி வலத்தில் கிடார் கழன்று பிட்டின் மேல் பாயாமல் இருக்க, வெளிக்கோட்டில் அங்கங்கே சின்ன இணைப்புத் துண்டுகளை விட்டுவைத்து, பிறகு வாளால் அறுத்துக்கொள்வது வழக்கம். மரத்தின் நாரையும் பார்க்க வேண்டும். பிட் சுற்றிவரும்போது சில இடங்களில் நாரோடு போகும், சில இடங்களில் நாரை எதிர்க்கும். கொம்பு முனையில் எதிர்த்தால் கைவிரல் அளவு சிம்பு பிய்ந்துபோகும். முனை மரத்துக்குள் நுழையும் திசையை மாற்றி, கடைசியாக அரை மி.மீ. மட்டும் மிச்சம் வைத்து மெல்லச் சுற்றினால் தப்பிக்கலாம்.

கிடார் கிடாராவதும் விறகாவதும் கழுத்துக்குழியில்தான். 56 மி.மீ. அகலம், 75 மி.மீ. நீளம், 16 மி.மீ. ஆழம், ஏறக்குறைய. குழியின் பக்கச்சுவர் 75 மி.மீ. நீளத்தில் வெறும் 0.25 மி.மீ. கோணலாக இருக்கட்டும். கழுத்து அங்கிருந்து அரை மீட்டர் நெருக்கி நீள்வதால், மறுமுனையில் அந்தக் கோணல் 1.5 மி.மீ.க்கு மேல் பெருகும். ஓரத்துக் கம்பிக்கும் ஃப்ரெட்பலகையின் விளிம்புக்கும் இடையே இருப்பதே 3 மி.மீ. சொச்சம். வாசிக்கும்போது கம்பி விளிம்பைத் தாண்டி வழுக்கி விழக்கூடும். குழியின் தரை சாய்ந்தால் கம்பியின் உயரம் கெடும்.

மூலை இன்னொரு தகராறு. சுற்றுகிற பிட் சதுர மூலையை வெட்டாது, 6 மி.மீ. பிட் 3 மி.மீ. ஆரத்தில் வளைவை விட்டுப் போகும். கழுத்தின் அடி கூர்மூலையாக இருந்தால் மெல்லிய பிட்டுக்கு மாற வேண்டும், இல்லையென்றால் உளியை எடுக்க வேண்டும். உளியே மேல் என்பேன். இரண்டு நிமிட வேலைக்குப் பதினாறு மடங்கு வளையும் பிட்டைத் தேடிப் போவானேன்?

நினைவில் வைக்கச் சொன்ன 0.025 மி.மீ. இப்போது வருகிறது. மரம் காற்றின் ஈரத்தைக் குடித்து விரியும், உலர்ந்து சுருங்கும். நாரின் நீளவாட்டில் அசைவு அநேகமாக இல்லை, குறுக்கே நிறைய. தட்டையாக அறுத்த மேப்பிள் மரத்தின் ஈரம் 1 சதவீதம் கூடினால், 56 மி.மீ. அகலம் ஏறக்குறைய 0.2 மி.மீ. விரியக்கூடும். மோட்டாரின் கணக்கில் அது எட்டு அடி. அதாவது, இயந்திரம் பெருமை பேசும் நுட்பத்தைவிட, மழைநாளில் மரம் உப்புவது பெரிது. ஆகவே அனுபவசாலிகள் வரைபடத்தில் அச்சிட்ட அளவை நம்புவதில்லை. கழுத்தைக் கையில் எடுத்து, வெட்டும் நாளில் வெர்னியர் அளவியால் அளந்து, அந்த எண்ணையே கோப்பில் போடுகிறார்கள். முதலில் ஒரு மயிரிழை சிறிதாக வெட்டி, கழுத்தை வைத்துப் பார்த்து, மறுபடி 0.1 மி.மீ. அகட்டுவார்கள். மாதிரிப் பலகை வைத்து வேலை செய்த தொழிலாளிக்கு இந்த 0.1 வாய்க்காது; விசைப்பலகையில் ஓர் எண்ணை மாற்றுகிறவருக்கு வாய்க்கிறது. சி.என்.சி.யின் உண்மையான வரம் இதுதான் என்று நினைக்கிறேன், வேகம் அல்ல.

1954-இல் ஃபெண்டர் கொண்டுவந்த ஸ்ட்ராடோகாஸ்டரின் முதுகில் விலாவுக்கு இடம்கொடுக்கும் பள்ளம் உண்டு. முன்கை படும் இடமும் சரித்திருக்கும். இதை உருண்டை முனைப் பிட்டால் வரிவரியாக உழுது எடுப்பார்கள். 6 மி.மீ. உருண்டையில் வரிக்கு வரி 1 மி.மீ. விட்டால் நடுவே எழும் வரப்பின் உயரம் 0.04 மி.மீ. அரை மி.மீ. விட்டால் 0.01. இடைவெளியைப் பாதியாக்கினால் வரப்பு கால்வாசியாகும், நேரமோ இரண்டு மடங்காகும். எங்கே நிறுத்திவிட்டு உப்புத்தாளை எடுப்பது என்பது அவரவர் பொறுமை. பிக்கப் குழி, மின்கம்பித் துளை எல்லாம் இதோடு ஒப்பிட்டால் சில்லறை வேலை.

மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஃபெண்டர் உடல்களுக்குப் பேர்போன ஆஷ் மரத்தை, ஆசியாவிலிருந்து போன ஒரு மரகதப் பச்சை வண்டு அரித்துத் தீர்க்கிறது. அமெரிக்காவில் அதை 2002-இல் முதன்முதலாகக் கண்டதும் அதே மிச்சிகனில்தான். 2020-இல் ஃபெண்டர் நிறுவனம் தன் வழக்கமான கிடார்களில் ஆஷ் மரத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. நம் பக்கத்துச் சங்கதியும் ஒன்று: உலகின் எண்ணற்ற கிடார்களின் ஃப்ரெட்பலகை, மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரம். 2017-இல் அந்த மரத்தின் பேரினம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது கிடார் நிறுவனங்கள் ஆடிப்போயின. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019-இல் விலக்கு கிடைத்தது.

செய்து பார்க்கும் ஆசை வந்திருந்தால் இரண்டு விஷயம். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பட்டியலில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-இலேயே சேர்த்துவிட்டது, எம்.டி.எஃப். எனப்படும் அழுத்திய நார்ப்பலகையின் தூள் இன்னும் நுண்ணியது. தூசி உறிஞ்சியும் நல்ல முகக்கவசமும் இல்லாமல் சுவிட்சைத் தொடாதீர்கள். இரண்டாவது, முதல் நாளே நல்ல மரத்தில் கை வைக்காதீர்கள். மலிவான பலகைத் துண்டில் கழுத்துக்குழியை மட்டும் வெட்டுங்கள். கழுத்தை உள்ளே அழுத்தி, திருகு போடாமல், கழுத்தைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். பலகை விழாமல் கூடவே வந்தால், முழு உடலுக்கு மரம் வாங்கலாம்.